முந்தி வந்தாலும் மார்க் குறையும்: விருத்தாசலத்திலிருந்து மூன்று நாள் பைக் ரேலி

பைக் ரேலி என்றதும் நம் ஊரில் இரண்டு காட்சிதான் மனதில் வரும். ஒன்று, கொடி கட்டி வரிசையாகப் போகும் விழிப்புணர்வு ஊர்வலம். இன்னொன்று, சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கும் இளவட்டம். இந்தப் பாடம் இரண்டையும் பற்றியது அல்ல. இது மூன்றாவது வகை: கையில் கொடுத்த வழிக்குறிப்பைப் படித்து, சொன்ன பாதையில், சொன்ன நேரத்தில் போய்ச் சேர வேண்டிய ரேலி. யார் முதலில் வந்தார் என்பது இங்கே கணக்கே இல்லை. ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் மார்க் குறையும், ஐந்து நிமிடம் முந்தி வந்தாலும் குறையும். நேரம், வேகம், தூரம் என்ற மூன்றையும் வைத்து விளையாடுவதால் இதற்கு டி.எஸ்.டி. ரேலி என்று பெயர்.

இந்தியாவில் 1999-இல் தொடங்கிய ரெய்டு டி ஹிமாலயா ரேலியில் வேகப் பிரிவு தனி, இந்த டி.எஸ்.டி. பிரிவு தனி. அதாவது ஒரே மலைப்பாதையிலேயே 'வேகமாகப் போ' என்பதும் 'சரியாகப் போ' என்பதும் வேறு வேறு விளையாட்டு. உங்களிடம் 125 சிசி, 150 சிசி வண்டிதான் இருக்கிறதா? தாராளமாகப் போதும். இரண்டாவது விளையாட்டுக்கு எஞ்சின் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

விருத்தாசலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பீங்கான் தொழிற்பேட்டையும் மணிமுத்தாறும் உள்ள இந்த ஊரைச் சுற்றி 100 கிலோமீட்டருக்குள் மண் நாலு விதமாக மாறுகிறது. மங்கலம்பேட்டைப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண்ணும் சரளையும். மேற்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் கல்வராயன் மலையின் அடிவாரம். தெற்கே பெரம்பலூரில் கரிசல். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் வெள்ளைத் தூசிப் பாதை. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வரும் வெண்களிமண்தான் இந்த ஊர்ப் பீங்கான் தொழிலுக்கு ஆதாரம் என்பது பலருக்குத் தெரியும். அதே களிமண் கொஞ்சம் ஈரமானால் டயருக்கு அடியில் சோப்பு போல வழுக்கும் என்பது பைக் ஓட்டுபவருக்கு மட்டும் தெரியும்!

மூன்று நாளுக்கு ஒரு மாதிரிப் பாதை இப்படி இருக்கலாம். முதல் நாள் விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி. இரண்டாம் நாள் சின்னசேலம், வேப்பந்தட்டை வழியாகப் பெரம்பலூர். மூன்றாம் நாள் சாத்தனூர் கல்மரப் பூங்கா, குன்னம், செந்துறை, பெண்ணாடம் வழியாகத் திரும்ப விருத்தாசலம். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அதிலும் கிராவல் ரோடு 40, 50 கிலோமீட்டர் இருந்தால் போதும், மிச்சம் தார்ச்சாலையாக இருக்கட்டும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். மூன்றாம் நாள் மதியம் உங்கள் தோள்பட்டை பதில் சொல்லும்.

வேகம் என்ற முதல் முடிவு

ஏற்பாட்டாளர் எடுக்கும் முடிவுகளில் மிக முக்கியமானது, ஒவ்வொரு பகுதிக்கும் என்ன சராசரி வேகம் கொடுப்பது என்பதுதான். விபத்து வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒருவர் வழி தவறி, திரும்பி வந்து சேர்வதற்குள் 6 நிமிடம் போய்விட்டது. அடுத்த செக்பாயிண்டுக்கு இன்னும் 10 கிலோமீட்டர். நீங்கள் கொடுத்த சராசரி 30 என்றால், அந்த 10 கிலோமீட்டருக்கு அவருக்கு இருந்த நேரம் 20 நிமிடம். இப்போது மீதி 14 நிமிடம். விட்ட நேரத்தைப் பிடிக்க அவர் சுமார் 43 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். கிராவலில் அது கஷ்டம்தான், ஆனால் உயிருக்கு உலை வைக்கும் வேகம் அல்ல. அதே இடத்தில் நீங்கள் 45 சராசரி கொடுத்திருந்தால்? 13 நிமிடம் 20 விநாடியில் போக வேண்டிய தூரத்துக்கு இப்போது மிச்சம் 7 நிமிடம் 20 விநாடி. பிடிக்க வேண்டுமானால் சுமார் 82 கிலோமீட்டர் வேகம்! ஆடு மேயும் மண் பாதையில் 82. ஓட்டுபவர் நல்ல பிள்ளைதான், ஆனால் காகிதத்தில் நீங்கள் எழுதிய எண் அவரை அப்படி ஓட வைக்கும்.

ஆகவே கிராவலில் 24 அல்லது 30, நல்ல ஒற்றைவழித் தார்ச்சாலையில் 36, இதற்கு மேல் போகாதீங்க. இந்த மூன்று எண்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 24 என்றால் கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம், 30 என்றால் 2 நிமிடம், 36 என்றால் 1 நிமிடம் 40 விநாடி. மனக்கணக்காகவே போடலாம். காலை 7 மணி 4 நிமிடத்துக்குக் கிளம்பியவர் 18.6 கிலோமீட்டரை 24 சராசரியில் கடந்தால் 46 நிமிடம் 30 விநாடி ஆகும், 7 மணி 50 நிமிடம் 30 விநாடிக்கு வந்து நிற்க வேண்டும்.

மார்க் போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய போட்டிகளில் விநாடிக்கு இவ்வளவு என்று குறைப்பார்கள். அமெச்சூர் ரேலிக்கு நிமிடக் கணக்கே நல்லது. தாமதத்துக்கு நிமிடத்துக்கு 1, முந்தி வந்தால் நிமிடத்துக்கு 2 என்று வையுங்க. 30 நிமிடத்துக்கு மேல் தாமதம் எவ்வளவு ஆனாலும் அதே 30 மார்க்தான் என்று ஓர் உச்சவரம்பும் இருக்கட்டும். இனி ஓடிப் பயனில்லை என்று தெரிந்தால் யாரும் ஓட மாட்டார்கள்.

வட அமெரிக்க டி.எஸ்.டி. ரேலிகளில் இன்னொரு நல்ல வழக்கம் இருக்கிறது: தாமதச் சீட்டு. பஞ்சராகிவிட்டது, லெவல் கிராசிங் மூடியிருந்தது என்றால், "எனக்கு 10 நிமிடம் வேண்டும்" என்று எழுதி செக்பாயிண்டில் கொடுத்துவிடலாம். அவருடைய நேரம் 10 நிமிடம் தள்ளிப்போகும், விட்ட நேரத்தைப் பிடிக்கப் பறக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இதை எந்த அமெச்சூர் ரேலியிலும் விடக் கூடாது. விருத்தாசலம் ரயில்வே ஜங்ஷன் உள்ள ஊர் வேறு, கேட்டில் நிற்காமல் ஒருநாளும் போகாது.

ஊருக்குள் போகும் இடங்களை நேரக் கணக்கிலிருந்தே தனியாக எடுத்துவிடுங்கள். 800 மீட்டர் நீளமுள்ள கிராமத்துக்கு 4 நிமிடம் என்று கட்டாயமாக ஒதுக்கினால் அது மணிக்கு 12 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். ஊர் எல்லையில் ஒரு மார்ஷல், மறு எல்லையில் ஒரு மார்ஷல். இரண்டு நிமிடத்தில் கடந்துவந்தவருக்கு அன்றைய நாள் ரேலி அத்தோடு முடிந்தது. இந்த விதியில் மட்டும் இரக்கம் காட்டாதீங்க. சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையைக் கடக்கும் இடத்துக்கும் இதே மாதிரி தாராளமான நேரம் கொடுக்க வேண்டும்.

ரோடு புக்

வழிக்குறிப்புப் புத்தகத்தை ரோடு புக் என்பார்கள். ஒவ்வொரு பக்கமும் பெட்டி பெட்டியாக இருக்கும். இடப்புறம் தூரம், நடுவில் சின்னப் படம், வலப்புறம் குறிப்பு. நடுப் படத்தில் ஒரு புள்ளியிலிருந்து அம்பு புறப்பட்டு, போக வேண்டிய திசையில் முடியும். இதற்கு டுலிப் படம் என்று பெயர். 1949-இல் நெதர்லாந்தில் தொடங்கிய டுலிப் ரேலியிலிருந்து வந்த பெயர் இது. டாக்கர் ரேலிக்குப் போகிறவர்களும் இதே வகைக் குறிப்பைத்தான் படிக்கிறார்கள். கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா 2024 டாக்கரில் ஷெர்கோ டி.வி.எஸ். வண்டியில் ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடமும், ரேலி-2 பிரிவில் முதலிடமும் பெற்றார். பாலைவனத்தில் கைகாட்டிப் பலகை ஏது? படித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும்.

நம்ம ஊர்ப் பெட்டிகள் இந்த மாதிரி இருக்கும்: "12.40 – வேப்பமரம், கிராவலில் இடது. 12.95 – அய்யனார் கோயிலை வலப்புறம் விட்டு நேரே. 13.60 – தரைப்பாலம், மூன்று ஆச்சரியக்குறி." ஒரு ஆச்சரியக்குறி என்றால் கவனம், இரண்டு என்றால் வேகத்தைக் குறை, மூன்று என்றால் கிட்டத்தட்ட நின்று பார்த்துப் போ. அடையாளம் எழுதும்போது நகராத பொருளை எழுதுங்க. டீக்கடை மூடியிருக்கும், வைக்கோல் போர் காணாமல் போகும், பேனர் கிழிந்திருக்கும். நீர்த்தேக்கத் தொட்டி, ஊர்ப்பெயர்ப் பலகை, கிலோமீட்டர் கல் எல்லாம் அங்கேயே இருக்கும்.

ஒவ்வொரு வண்டியின் மீட்டரும் கொஞ்சம் பொய் சொல்லும். டயர் தேய்மானம், காற்றழுத்தம், மீட்டரின் சொந்தக் குணம் எல்லாம் சேரும். அதனால் முதல் நாள் தொடக்கத்திலேயே அளந்த 10 கிலோமீட்டர் தார்ச்சாலையை விட்டுவையுங்கள். உங்கள் மீட்டர் 10.3 காட்டினால், மீட்டர் காட்டும் எந்தத் தூரத்தையும் 0.97-ஆல் பெருக்கினால் ரோடு புக் தூரம் கிடைக்கும். இதைச் செய்யாதவர் 40 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய், தப்பான வேப்பமரத்தில் திரும்புவார்.

ரோடு புக் எழுதியவர் ஓட்டிப் பார்த்தால் போதாது. அந்தப் பக்கமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒருமுறை தனியாக ஓட்டச் சொல்லுங்க. அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே பெட்டி சரியில்லை. ஒரு மாதத்துக்கு முன் ஒருமுறை, ஒரு வாரத்துக்கு முன் ஒருமுறை, அன்று காலை முதல் பைக்குக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒருமுறை என்று பாதையைப் பார்த்துவிட வேண்டும். நேற்று இருந்த ரோட்டை இன்று ஜே.சி.பி. வெட்டியிருக்கலாம்.

பாதை யாருடையது?

பண்ணைக்கு நடுவே போகும் வண்டிப்பாதை பார்க்க அழகாகத்தான் இருக்கும். அது பொதுப் பாதையா, ஒருவருடைய பட்டா நிலமா என்று பார்க்காமல் ரேலியை விடக் கூடாது. இதற்கு இப்போது தாலுகா ஆபீசில் நாள் கணக்கில் நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பின் தளத்தில் வரைபடத்தில் இடத்தைத் தொட்டு சர்வே எண்ணைப் பார்க்கலாம். அந்த எண்ணை வைத்து 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவணச் சேவையில் அ-பதிவேட்டைத் திறந்தால், அது வண்டிப்பாதைப் புறம்போக்கா, தனியார் நிலமா என்று தெரிந்துவிடும். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் நேரில் போய்க் கேளுங்க. மறுத்தால் பாதையை மாற்றிவிடுங்க.

ஏரிக்கரை மேல் பைக் விடும் ஆசை எல்லோருக்கும் வரும். திட்டக்குடி பக்கம் போகிறவர்களுக்கு வெலிங்டன் ஏரி கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். கரை என்பது நீர்வளத் துறையின் பொறுப்பு, விவசாயியின் உயிர். வரிசையாக முப்பது பைக் ஏறி இறங்கினால் மண் சரியும். விட்டுடுங்க.

காப்புக்காடு விஷயம் இதைவிடக் கண்டிப்பானது. கல்வராயன் மலையில் பொதுச்சாலையை விட்டுக் காட்டுக்குள் போகும் தடம் எதுவானாலும், மாவட்ட வன அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். யார் எங்கே போனார் என்று வனத்துறைக்குத் தெரியாமல் இருந்தால் காப்பாற்ற வருகிறவர்கள் எங்கே தேடுவது?

அனுமதி, காப்பீடு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் எந்த வகையான பந்தயத்தையும் வேகச் சோதனையையும் நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓர் ஆண்டு வரை, 10,000 ரூபாய் வரை. "சார், இது பந்தயமே இல்லை, சராசரி 30-தான்" என்று ரோட்டோரத்தில் நின்று போலீசாரிடம் விளக்குவதற்குப் பதிலாக, அதையே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடலாமே. பாதை வரைபடம், ஒவ்வொரு பகுதியின் சராசரி வேகம், ஓட்டுநர் எண்ணிக்கை, மருத்துவ ஏற்பாடு எல்லாவற்றையும் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் இரண்டு மாதம் முன்பே கொடுங்க. நம் மாதிரிப் பாதையில் கடலூர், கள்ளக்குறிச்சி, பெரம்பலூர், அரியலூர் என நான்கு மாவட்டம். சின்னசேலத்துக்குத் தெற்கே கொஞ்சம் மேற்காகத் திரும்பினால் சேலமும் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம், ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை. பரிசு, தரவரிசை என்று போட்டியாக நடத்துவதானால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பையும் அணுக வேண்டும். டி.எஸ்.டி. வகைக்கு அவர்களிடம் தனி விதிமுறை உண்டு.

ஊராட்சி மன்றத் தலைவரிடம் மட்டும் கடிதத்தோடு நிற்காமல் நேரில் போய்ப் பேசுங்க. எந்தத் தெருவில் பள்ளி விடும் நேரம், எங்கே திருவிழா, எந்த ரோட்டில் நெல் காயப்போடுவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இனி, பெரும்பாலானோர் படிக்காமல் விடும் காகிதம். உங்கள் வண்டிக் காப்பீட்டு பாலிசியை இப்போதே போனில் திறந்து, பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் பாருங்கள். வழக்கமான பாலிசிகளில் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றோடு 'ரிலயபிலிட்டி டிரையல்' என்று ஒரு சொல்லும் விலக்குப் பட்டியலில் இருக்கும். வண்டியின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் ஓட்டம் என்று பொருள். நேரக்கணக்கு ரேலியை அந்தச் சொல்லுக்குள் கொண்டுவர வாதாட முடியும். அப்படியானால் ரேலியில் நடந்த விபத்துக்கு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம். அடிபட்டது ஆடு மேய்த்த பெரியவராக இருந்தால் பாதிப்பு அவருக்கும்தான். ரேலிகளுக்கென்று கூடுதல் பிரீமியத்தில் தனிச் சேர்க்கை வாங்க முடியுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்க. இந்தப் பதில் வராமல் தேதி குறிக்காதீங்க.

எப்போது வைப்பது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தரைப்பாலம் மூழ்கும், கரிசல் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டோடு சேர்த்து சக்கரத்தை நிறுத்திவிடும். ஏப்ரல், மே மாத வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிடும். மிஞ்சுவது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். அதிலும் அறுவடை, கரும்பு டிராக்டர், காலைப் பனி மூன்றும் சேர்ந்து வரும். விருத்தாசலத்தில் மாசி மகம் நடக்கும் வாரத்தை அறவே தவிர்க்கணும், ஊரே ரோட்டில் இருக்கும். காலை 7 மணிக்கு முன் யாரையும் கிளப்பாதீங்க. மாலை 4 மணிக்குள் கடைசி பைக் தங்குமிடத்தில் இருக்க வேண்டும்.

பைக்குகளை 2 நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். முன்னால் போனவர் கிளப்பிய தூசி அடங்க அந்த நேரம் வேண்டும். முப்பது பேர் என்றால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரு மணி நேரம். மார்ஷல்களை அதற்கேற்ப நிற்க வைக்கணும், அவர்களுக்கு நிழல், தண்ணீர், சாப்பாடு மறக்கக் கூடாது.

போன் எதற்கு?

போன் சட்டைப்பைக்குள் இருக்க வேண்டிய பொருள், ஓடும்போது கையில் எடுக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு எல்லாம் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருந்தால் சட்டப்படி செல்லும், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் திறக்கும்படி முன்பே பதிவிறக்கி வையுங்க. மூன்று நாள் பகுதியின் ஆஃப்லைன் வரைபடமும் அப்படியே. 'காவல் உதவி' செயலியை நிறுவி, அவசரத் தொடர்புகளில் ஏற்பாட்டாளர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வானிலை எச்சரிக்கைக்கு டி.என்.-அலர்ட்.

யாராவது விழுந்துவிட்டால் 108-க்கு எப்படி இடம் சொல்வது? "முந்திரித் தோப்பு பக்கம்" என்றால் அந்தப் பக்கம் முழுக்கவே முந்திரித் தோப்புதான். இதற்கும் ரோடு புக்தான் உதவும். ஒவ்வொரு பெட்டிக்கும் வரிசை எண் இருந்தால் "37-க்கும் 38-க்கும் நடுவில்" என்று ஒரு குறுஞ்செய்தி போதும். ஏற்பாட்டாளர் கையில் உள்ள பட்டியலில் அந்தப் பெட்டிக்கு நேராக ஊர்ப்பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, பக்கத்து மருத்துவமனை எல்லாம் எழுதியிருக்க வேண்டும். அவரே ஆம்புலன்சுக்கு வழி சொல்வார். கள்ளக்குறிச்சியிலும் அரியலூரிலும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகள் இருப்பது இந்தப் பாதைக்குப் பெரிய பலம். 108 பொதுமக்களுக்கானது, அதை ரேலிக்கென்று நிறுத்தி வைக்க முடியாது. தனியாக ஒரு ஆம்புலன்ஸ் அமர்த்துங்க.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். ஊர், மாநிலம், வருமானம் எதுவும் கேட்க மாட்டார்கள். 1 லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. உதவி செய்தவருக்கும் பயமில்லை: சட்டத்தின் 134-ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. கிளம்பும் முன் நடக்கும் கூட்டத்தில் இந்த இரண்டையும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். உதவிக்கு நின்றவரின் நேரத்தை முழுவதுமாகக் கழித்துக் கொடுப்போம் என்பதையும் சேர்த்து.

கடைசி பைக்குக்குப் பின்னால் ஒரு வண்டி, உள்ளே ஒரு மெக்கானிக், ஒரு முதலுதவி தெரிந்தவர். அந்த வண்டி வராமல் எந்தச் செக்பாயிண்டும் மூடக் கூடாது. மாலையில் முதல் வேலை மார்க் கணக்கு அல்ல, தலைக் கணக்கு: காலையில் போனது எத்தனை, வந்தது எத்தனை, இடையில் விலகியவர் யார், அவர் வீடு போய்ச் சேர்ந்தாரா? முப்பதுக்கு இருபத்தொன்பது என்றால் சாப்பாட்டுப் பந்தியை நிறுத்திவிட்டுத் தேடுங்க.

பரிசுக்குப் பிளாஸ்டிக் கோப்பை வாங்க வேண்டாம். விருத்தாசலத்திலேயே பீங்கான் செய்கிறார்கள், பெயர் எழுதி சுட்டுத் தரச் சொன்னால் ஆயுளுக்கும் இருக்கும். மறுநாள் இரண்டு பேர் அதே பாதையில் திரும்பிப் போய், கட்டிய அம்புக்குறிகளையும் ரிப்பன்களையும் அவிழ்த்துவிட்டு, மாநில நெடுஞ்சாலைத் துறையின் ரோட்டில் கண்ட பள்ளங்களை 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு பதிவு செய்யட்டும். ஊராட்சி ரோட்டுப் பள்ளத்துக்கு ரோடு புக்கின் அந்தப் பக்கத்தையே நகலெடுத்து ஊராட்சி மன்றத் தலைவரிடம் கொடுக்கலாம், தூரம் பத்து மீட்டர் கணக்கில் அதிலேயே இருக்கிறது.